டத்தோவுக்கு வயிறு சரியில்லை

ஸ்கந்தராஜா முதல் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோன நேரம் பார்த்து, டத்தோ அவர் மேசைக்கு அடியில் வந்து நின்று, முதுகை வளைத்து, கழுத்தை நீட்டி, வாந்தி எடுத்தார்.

டத்தோ என்பது அப்துல் ரசாக்கின் சாப்பாட்டுக் கடைப் பூனை. ஆரஞ்சு நிறம், அகன்ற முகம், நடக்கும்போது ஆடும் தொப்பை. கல்லாவுக்குப் பக்கத்து நாற்காலியில் சாய்ந்துகொண்டு, வருகிறவர்களை ஒரு கண்ணால் மட்டும் பார்க்கிற தோரணைக்காக யாரோ வாடிக்கையாளர் கொடுத்தது, சுல்தான் பெரிய மனிதர்களுக்குக் கொடுக்கிற அந்தப் பட்டம். பட்டம் கிடைத்த நாளிலிருந்து ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் யாரும் அவரை 'அது' என்று சொல்வதில்லை. நாமும் சொல்ல வேண்டாம்.

ஸ்கந்தராஜாவின் கை பாதி வழியில் நின்றது.

"ரசாக், உம்முடைய டத்தோ திரும்பவும் சத்தி எடுத்திருக்கிறார்," என்றார். நில அலுவலகத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். கோபம் வந்தாலும் கோப்பு வாசிக்கிற குரலில்தான் பேசுவார்.

ரசாக் துடைப்பமும் வாளியுமாக ஓடிவந்தார்.

"வெயிலுலா ஐயா. வெயில் டத்தோவுக்கு ஆவறதில்ல."

"என்ன சாப்பிட்டவர்?"

ரசாக்குக்குப் புத்தி வருவதற்கு முன்னால் வாய் வந்துவிடும். "நம்ம கடை மீனுதான்," என்றார்.

பக்கத்து மேசைகளில் கரண்டிச் சத்தம் நின்றது.

இதில் ரசாக்கின் சொந்தத் தவறும் கொஞ்சம் உண்டு. மற்ற கடைக்காரர்கள் சுத்தம், சுவை என்று பலகை மாட்டினால், ரசாக் பூனையைக் காட்டுவார். "டத்தோ என்ன சாப்பிடுறாரோ அதுதான் உங்களுக்கும். அவர் வாய் கெட்ட மீனைத் தொடாது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடித்து வந்தார். இப்போது டத்தோ சாப்பிட்டதை எல்லோருக்கும் நடுவில் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதுவும் சரியாக மதியக் கூட்ட நேரத்தில்.

ஸ்கந்தராஜா தட்டை மெதுவாகத் தள்ளி வைத்தார். "எனக்கு இனிச் சாப்பிடேலாது," என்று எழுந்து கை கழுவினார். குடையை எடுத்துக்கொண்டு, சாலையைக் கடந்து, எதிர்க் கடைக்குள் நுழைந்தார்.

எதிர்க் கடை உஸ்மானுடையது. ரசாக்கின் வயிற்றெரிச்சலுக்கு அதைவிட வேறு காரணம் வேண்டாம். ரசாக்கிடம் பல காலம் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த அதே உஸ்மான், போன வருடம் ஒருநாள் சலாம் சொல்லிவிட்டுப் போய், கண்ணுக்கு நேரே கடை திறந்தான். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை.

"அவனுக்கு முட்ட பொரிக்கத் தெரியாது. மூணு மாசத்துல மூடிருவான்," என்று ரசாக் அப்போது சிரித்தார். உஸ்மான் மூடவில்லை. அவன் கடை மீன்தலைக் கறிக்குத் தூரத்துச் சித்தியவானிலிருந்துகூடக் காரில் ஆள் வந்தது. பினாங்கிலிருந்து பெரிய சமையல்காரர் யாரையோ பிடித்து மறைத்து வைத்திருக்கிறான் என்று ரசாக் முடிவு கட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் டத்தோவின் வாந்தி வந்தது. ரசாக்கின் மதிய மேசைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. வாப்பா தொடங்கிய கடை. ரசாக்குக்கு வேறு தொழில் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. தன் காலத்தில் ஷட்டர் இறங்கிவிடுமோ என்ற பயம் அவருக்கு உண்மையிலேயே வந்துவிட்டது. பூனையின் வாந்தி நின்றால் போன கூட்டம் தானாகத் திரும்பிவிடும் என்று நம்பினார்.

முதல் வைத்தியமாக, ஈப்போ டவுனுக்குப் போய், பூனைச் சாமான் கடையில் இருப்பதிலேயே விலை கூடிய பிஸ்கட்டை வாங்கி வந்தார். பையின் மேலே ஒரு வெள்ளைப் பூனை அரசிபோல உட்கார்ந்திருந்தது. அன்றே மீனை அடியோடு நிறுத்தி, தட்டு நிறைய பிஸ்கட்டைக் கொட்டினார்.

டத்தோ முகர்ந்து பார்த்தார், யோசித்தார், தட்டைக் காலி செய்தார். பிறகு மூன்றாவது மேசைக்கு அடியில் எல்லாவற்றையும் முழுசு முழுசாகக் கொண்டுவந்து வைத்தார். முன்பு ஒரு வேளை எடுத்தவர், இப்போது இரண்டு வேளை எடுத்தார்.

லாரி ஓட்டும் பத்துமலை, பிஸ்கட் பையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"என்ன முதலாளி, டத்தோ இப்ப நம்ம கடையில சாப்புடுறதில்லையா?"

"வயித்துக்குச் சரியில்லன்னுதான் மாத்தியிருக்கேன்."

"எதுனால சரியில்ல?"

ரசாக் பையைத் திரும்ப வாங்கக் கை நீட்டினார். எந்தப் பதிலைச் சொன்னாலும் அது மீனில் போய் முடிந்தது.

"அவரே விட்டுட்டாரா," என்று சொல்லிக்கொண்டே பத்துமலை பையைக் கீழே வைத்தான். அவனும் சாலையைக் கடந்தான்.

இரண்டாவது வைத்தியம், நோயாளியைக் கண்ணில் படாமல் வைப்பது. ரசாக் டத்தோவைக் கூடையில் அடைத்து, காரில் ஏற்றி, வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் கொடுத்தார்.

சக்கீனா கூடையைத் திறந்து பூனையைத் தூக்கினாள். "கனமா இருக்காரே. நோயாளி மாதிரியே தெரியலையே."

"உள்நோவு. உனக்குத் தெரியாது."

"நான் வேணும்னா மீனு அவிச்சுக் குடுக்கவா? உப்பு, ஒறப்பு இல்லாம?"

ரசாக் சிரித்தார். "நீயா? உனக்கு அடுப்பு பத்த வைக்கத் தெரியுமா?"

அந்த வீட்டு வழக்கம் அப்படி. சாப்பாட்டுக் கடைக்காரன் வீட்டில் எதற்கு அடுப்பு எரிய வேண்டும் என்பது ரசாக்கின் வாப்பா காலத்துக் கொள்கை. விடிவதற்கு முன்னால் கடைக்குப் போகும் ரசாக், சாயங்காலம் திரும்பும்போது கடைச் சோற்றைப் பொட்டலமாகக் கொண்டுவருவார். கல்யாணமான புதிதில் சக்கீனா சமைக்கிறேன் என்று நின்றபோதுகூட, "நீ ஏன் கஷ்டப்படணும்?" என்று தடுத்துவிட்டார். மனைவியை இவ்வளவு சுகமாக வைத்திருக்கும் கணவன் பேராக் மாநிலத்தில் வேறு யாரும் இருக்க முடியாது என்பது அவர் எண்ணம். அவளிடமும் அதை அடிக்கடி சொல்லியிருக்கிறார்.

சக்கீனா பூனையின் தலையைத் தடவினாள். "சரி, நான் பாத்துக்கறேன்," என்றாள்.

வீட்டில் இருந்த நாட்களில் டத்தோ ஒரு தடவைகூட வாந்தி எடுக்கவில்லை. ரசாக்குக்கு அதில் சந்தோஷம். ஆனால் கடையில் வேறு கதை நடந்துகொண்டிருந்தது. ஒரு மத்தியானம், பள்ளிக்கூட வேன் ஓட்டும் மகேந்திரன் கல்லாவுக்கு வந்து, ரசாக்கின் தோளில் கை வைத்தார்.

"எப்ப நடந்துச்சு?"

"என்ன எப்ப?"

"டத்தோ."

"டத்தோ வீட்டுல இருக்காருலா."

"அப்படியே நெனச்சுக்குங்க. மனசுக்கு ஆறுதலா இருக்கும்."

"ஐயோ, உண்மையிலேயே வீட்டுல இருக்காரு. காலையிலகூடப் பாத்தேன்."

மகேந்திரன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மீனு சாப்பிட்டுத்தான் போனாருன்னு ஊருல பேசிக்கிறாங்க. நான் நம்பல. இருந்தாலும் எனக்கு இன்னிக்குத் தேத்தண்ணி மட்டும் போதும்."

மறுநாள் காலையில் ரசாக் டத்தோவைத் திரும்பவும் கடைக்குக் கொண்டுவந்தார். உயிரோடு இருக்கிறார் என்று நிரூபித்தாக வேண்டுமே. மதியக் கூட்டம், அதாவது மிச்சமிருந்த கூட்டம், உட்கார்ந்ததும் பூனையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு மேசை மேசையாகப் போனார்.

"பாருங்க. நல்லாத்தானே இருக்காரு?"

"இது வேற பூனை மாதிரி இருக்கே," என்றான் பத்துமலை. ஐஸ் தண்ணிக்கு மட்டும் வந்திருந்தான்.

"வேற பூனையா? இந்தத் தொப்பையைப் பாரு."

"டத்தோவுக்குக் கொஞ்சம் சின்னத் தொப்பை."

ரசாக் அடுத்த மேசைக்கு நகர்ந்தார். அங்கே ஸ்கந்தராஜா இருந்தார். பழகிய பழக்கத்துக்காகவும், ரசாக்கின் மேல் இருந்த இரக்கத்துக்காகவும் அன்று திரும்பி வந்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

"ஐயா, நீங்களே சொல்லுங்க. இவரு டத்தோதானே?"

ஸ்கந்தராஜா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கிட்டே முகத்தைக் கொண்டுவந்தார். டத்தோவும் முகத்தைக் கொண்டுவந்தார். முதுகு வளைந்தது, கழுத்து நீண்டது. ரசாக்குக்கு விஷயம் புரிந்தபோது ஸ்கந்தராஜாவின் சட்டைப் பை நிறைந்துவிட்டது.

ஸ்கந்தராஜா நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார்.

"டத்தோதான்," என்றார் ஸ்கந்தராஜா. பிறகு, சட்டைப் பையிலிருந்து பேனாவை இரண்டு விரலால் எடுத்துத் துடைத்துக்கொண்டே, "ரசாக், இந்தப் பூனையை என்ட மகளிட்டக் கொண்டு போம். இப்பவே போம். நானும் வாறன். சட்டையும் வரட்டும்," என்றார்.

அவர் மகள் சிவாஜினி மிருக வைத்தியர். குனோங் ராபாட் கடை வரிசையிலேயே மாடியில் கிளினிக். அப்பாவின் சட்டையைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். டத்தோவை மேசையில் ஏற்றி, ரசாக் சொன்ன கதை முழுவதையும் கேட்டுக்கொண்டே ஈறைப் பார்த்தாள், வயிற்றை அமுக்கினாள், நிறுத்துப் பார்த்தாள்.

"சாப்பிட்டு எவ்வளவு நேரத்துல எடுக்குறாரு, அங்கிள்?"

"உடனேலா. எறங்குறதுக்குள்ள ஏறிடுது."

"மென்னு தின்ன மாதிரி இருக்குமா, முழுசாவா?"

"முழுசா. கழுவி வச்சா திரும்பப் பரிமாறலாம்."

ஸ்கந்தராஜா கண்ணை மூடிக்கொண்டார்.

"ரத்தம் இல்ல, சோர்வு இல்ல, நல்லாத் தின்னுறாரு, எடை ஏறியிருக்கு," என்றாள் சிவாஜினி. "அப்ப இது பெரிய நோய் இல்ல. அவசரம். மெல்லாம முழுங்குறாரு, வயிறு திருப்பி அனுப்புது. ஒரே நாள்ல சாப்பாட்ட மாத்துனீங்க பாருங்க, அது இன்னும் மோசமாக்கிடுச்சு. மாத்துறதா இருந்தா பழசுல கொஞ்சம் கொஞ்சமாப் புதுசக் கலந்து, ஒரு வாரம் பத்து நாள் எடுத்துத்தான் மாத்தணும். குழிவான தட்டு வேணாம், அகலமான தட்டுல பரப்பி வைங்க. ஒரேயடியாக் கொட்டாம, கொஞ்சம் கொஞ்சமா நாலஞ்சு வேளையாக் குடுங்க. ரோமத்த தினமும் சீவி விடுங்க, அதுவும் வயித்துக்குள்ள போகும். சாப்பாட்டத் தொடல, சுருண்டு படுத்துட்டாரு, ரத்தம் வருதுன்னா மட்டும் யோசிக்காம ஓடி வாங்க."

"அவ்வளவுதானா?" ரசாக்குக்குச் சுமை இறங்கியது.

"இல்ல, ஒன்னு இருக்கு." சிவாஜினி அப்பாவின் சட்டைப் பையைக் குறட்டால் விலக்கிப் பார்த்தாள். "வீட்டுல எடுக்கல, கடையிலதான் எடுக்குறாரு. இதுல வெண்டிக்காய் விதை கிடக்கு. உங்க மீன் கறியில வெண்டிக்காய் போடுவீங்களா?"

"நம்ம கடையிலயா? வாப்பா காலத்துலேருந்து போட்டதில்ல."

"அப்ப வேற எங்கயோ போய்ச் சாப்பிட்டு வாராரு. கறி பூனைக்கு ஆகாது அங்கிள், வெங்காயம் ரொம்பக் கெடுதல். எங்க போறாருன்னு பாத்து நிறுத்துங்க."

ரசாக்குக்கு அந்த இரவு, பெருநாளுக்கு முந்திய இரவுபோல, சந்தோஷத்தில் தூக்கமில்லாமல் கழிந்தது. வெண்டிக்காய் போட்ட மீன் கறி அந்தச் சாலையில் வேறு எங்கே இருக்கும்?

மறுநாள் டத்தோ கல்லா நாற்காலியிலிருந்து இறங்கிச் சோம்பல் முறித்ததும், ரசாக் கடையைச் சமையல் மாஸ்டரிடம் ஒப்படைத்துவிட்டுப் பின்தொடர்ந்தார். டத்தோ பின் சந்தில் நடந்து, இரு பக்கமும் பார்த்துச் சாலையைக் கடந்து, உஸ்மான் கடையின் பின்வாசலில் போய் உட்கார்ந்தார். அங்கே பாத்திரம் கழுவும் முத்தம்மா அவரைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வாங்க டத்தோ. நடுவுல ரெண்டு மூணு நாள் ஆளயே காணோம், நேத்துதான் திரும்பத் தலையக் காட்டுனீங்க," என்று சொல்லி, வாழையிலையில் பாதி மீன்தலையை வைத்தாள்.

டத்தோ சாப்பிட்ட வேகத்தில் மீன்தலை மறைந்தது. பிறகு வாயைக்கூட நக்காமல் ஓட்டமும் நடையுமாகத் திரும்பினார். ரசாக் கடையில் மதியப் பங்கு வைக்கிற நேரம் அது.

முத்தம்மா நிமிர்ந்தாள். "முதலாளி, குப்பைத் தொட்டிக்குப் பின்னால என்ன செய்யிறீங்க?"

"காத்து வாங்குறேன்," என்றார் ரசாக். "இவரு தினமுமா வாராரு?"

"தினமும் வருவாரு. ஆனா நிக்கவே மாட்டாரு. வேற எங்கயோ விருந்து இருக்கிற மாதிரி முழுங்கிட்டு ஓடிருவாரு."

பூனையைக் கண்டுபிடித்தாகிவிட்டது. இனி அந்தக் கறியின் லட்சணத்தையும் தெரிந்துகொண்டால் வழக்கு முடிந்தது. ரசாக் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, முன்வாசல் வழியாக உஸ்மான் கடைக்குள் போனார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உஸ்மானே வந்தான். சலாம் சொன்னான், பதில் வாங்கினான், வேறு எதுவும் பேசவில்லை.

"சோறு. மீன்தலைக் கறி," என்றார் ரசாக், சுவரைப் பார்த்து.

முதல் வாயில் குறை தேடினார். இரண்டாவது வாயிலும் தேடினார். புளி எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றது. வெண்டிக்காய் குழையாமல் வெந்திருந்தது. ரசாக் தேடுவதை நிறுத்திவிட்டு இன்னொரு தட்டுச் சோறு கேட்டார். அதன் பிறகு இன்னொன்று. இவ்வளவு நல்ல சாப்பாட்டை அவர் வாழ்நாளில் சாப்பிட்டதில்லை. அந்த உண்மை அவரை மிகவும் கோபப்படுத்தியது.

கடைக்குத் திரும்பியபோது சக்கீனா கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் சொன்னபடி நாலஞ்சு வேளை பிரித்துக் கொடுக்கவென்று அகலத் தட்டும் சீப்புமாக வந்திருந்தாள். டத்தோ அவள் மடியில் கிடக்க, அவள் ரோமத்தைச் சீவிக்கொண்டிருந்தாள். ஸ்கந்தராஜா புதுச் சட்டையில், இரண்டு மேசை தள்ளிப் பாதுகாப்பாக இருந்தார். மகேந்திரனும் பத்துமலையும் சங்கதி கேட்க வந்திருந்தார்கள்.

ரசாக் கடை நடுவில் நின்றார். குரல் சாலையைத் தாண்டும்படி பார்த்துக்கொண்டார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. டத்தோ வாந்தி எடுத்தது நம்ம மீனால இல்ல. எதிர்க் கடை மீன்தலைக் கறியால. நானே கண்ணால பாத்தேன். டாக்டரம்மாவும் வெண்டிக்காய் விதைய வச்சுச் சொல்லிட்டாங்க."

"அவசரமாத் தின்னுறதால எண்டெல்லோ பிள்ளை சொன்னவள்," என்றார் ஸ்கந்தராஜா.

"அதுவும்தான். ஆனா கறியும் கறி மாதிரியா இருக்கு?"

"நீர் சாப்பிட்டுப் பாத்தீரோ?"

"பாத்தேன். வாயில வைக்க முடியல."

சக்கீனா சீப்பை நிறுத்தினாள். "அவ்வளவு மோசமாவா இருந்துச்சு? எவ்வளவு சாப்பிட்டீங்க?"

"மூணு தட்டு. சும்மா ருசி பாத்தா சரியாத் தெரியாது."

பத்துமலை குனிந்து ஐஸ் தண்ணியைப் பார்த்துக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. மகேந்திரன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஏதோ ஒன்று தனக்கு மட்டும் தெரியாமல் இருப்பதுபோல ரசாக்குக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் பேச்சு நல்ல வேகத்தில் இருந்தது.

"அந்தக் கறிய ஆக்குனது பினாங்குக்காரனோ வேற எவனோ, யாரா இருந்தாலும் சரி. அந்தக் கைய அடுப்புப் பக்கமே விடக்கூடாது," என்றார்.

சாலையின் அந்தப் பக்கம் உஸ்மான் கேட்டுக்கொண்டுதான் நின்றான். உள்ளே போய், ஒரு பெரிய அலுமினியச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, கார்களை நிறுத்திச் சாலையைக் கடந்தான். ரசாக் சண்டைக்குத் தயாராகச் சட்டைக் கையை மடித்துவிட்டார். டத்தோகூடத் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

உஸ்மான் ரசாக்கைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேராகக் கல்லாவுக்குப் போய், கழுவித் துடைத்த வெறுஞ்சட்டியை, சொந்த அக்காவிடம் கொடுப்பதுபோல, சக்கீனாவின் முன்னால் வைத்தான்.

"ராத்தா, நாளைக்கு வீட்டுல இன்னொரு சட்டி மீன்தலைக் கறியும் சேத்து ஆக்கி வச்சிருங்க. இனிமே முதலாளியும் நம்மகிட்டத்தான் சாப்பிடுவாரு."